பாம்புக்குட்டியின் முதல் இரை

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைத் தாயகமாகக் கொண்ட கார்ன் ஸ்நேக், நஞ்சற்றது, சாதுவானது, கூண்டிலேயே எளிதில் இனப்பெருக்கம் செய்யக்கூடியது ஆகிய காரணங்களால் அந்நாட்டிலும் ஐரோப்பாவிலும் வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படும் பாம்புகளுள் ஒன்றாகிவிட்டது. அதன் முட்டைகள் ஏறத்தாழ 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இரண்டு மாத அளவில் பொரிகின்றன. வெளிவரும் குட்டி ஓர் அடிக்கும் குறைந்த நீளமும் சில கிராம் எடையும் மட்டுமே கொண்டிருக்கும். அதுவரை வெப்பத்தையும் ஈரத்தையும் கவனித்துக்கொண்டால் போதும். அதன்பின் அக்குட்டி முதன்முதலாக ஓர் இரையைத் தானாகவே பற்றி விழுங்கும் வரையிலான சில வாரங்கள்தாம் வளர்ப்போரின் பொறுமையைச் சோதிப்பவை.

கார்ன் ஸ்நேக் முட்டையிட்டதும் அவ்விடத்தை விட்டு நீங்கிவிடுவதால், குட்டிக்கு ஊட்டவோ வேட்டை பழக்கவோ யாருமில்லை. அதற்கு ஈடாக, முட்டைக்குள் வளர்ந்தபோது மிஞ்சிய மஞ்சள் கருவைப் பொரியும் தறுவாயில் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டே அது வெளிவருகிறது. இந்தச் சேமிப்பு கரையும் வரை அதற்குப் பசி எடுப்பதில்லை. பொரிந்து 7 முதல் 10 நாள்களில் அது முதற்சட்டையை உரிக்கும். அதற்கு முன்பு இரை வைப்பது பெரும்பாலும் வீண் வேலை. தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்க வேண்டும். நம் ஊர்ப் புற்றுகளில் வார்க்கப்படும் பால் எந்தப் பாம்புக்குட்டிக்கும் உணவாகாது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம்.

வளர்ப்போர் முதல் இரையாக வைப்பது, பிறந்து ஓரிரு நாளே ஆன, இன்னும் மயிர் முளைக்காத சுண்டெலிக் குஞ்சு. உடல் இளஞ்சிவப்பாக இருப்பதால் இதை வணிகத்தில் ‘பிங்கி’ என்பர். உறையவைத்த நிலையிலேயே விற்பர். இதைக் குளிர்பெட்டியில் மெல்ல உருகவைத்து, பின்னர் வெதுவெதுப்பான நீரில் சூடேற்றி, மேல்ஈரத்தைத் துடைத்துத் தர வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் ஓரிடம் வெந்தும் ஓரிடம் உறைந்தும் கிடக்கும். பாம்புக்குட்டியின் உடலில் மிகப் பருத்த பகுதியின் அளவே இரையும் இருப்பது நல்லது. இவ்வளவும் முறையாகச் செய்யப்பட்ட பின்னும் ஒரே ஈட்டுக் குட்டிகளில் பல உடனே விழுங்கிவிட, சில மட்டும் பிங்கியை ஒருமுறை நாவால் தொட்டுவிட்டு விலகிச் சென்றுவிடுகின்றன.

இந்த மறுப்பைப் பிடிவாதம் என்றோ நோய் என்றோ எடுத்துக்கொள்வது தவறு. காட்டில் பிறக்கும் கார்ன் ஸ்நேக் குட்டி பெரும்பாலும் சிறு பல்லிகளையும் மரத்தவளைகளையுமே தின்று வளர்கிறது. எலிகளை வேட்டையாடுவது பின்னர், உடல் பெருத்த பிறகுதான். ஆகவே பிங்கியின் வாடையைச் சில குட்டிகள் உணவின் வாடையாக அறிவதில்லை. பாம்பு தன் பிளவுண்ட நாவால் காற்றிலும் தரையிலும் உள்ள வேதித்துகள்களைச் சேகரித்து, மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பு என்னும் உணர்வுறுப்புக்கு அனுப்புகிறது. எது இரை, எது இரையன்று என்ற தீர்ப்பு பெரிதும் அங்கேதான் அமைகிறது. அமெரிக்க விலங்கு நடத்தை ஆய்வாளர் கார்டன் பர்கார்ட், பிறந்தது முதல் எதையும் தின்றிராத பாம்புக்குட்டிகளின் முன் மண்புழு, மீன் முதலியவற்றின் சாற்றில் தோய்த்த பஞ்சை நீட்டியபோது, அவை தத்தம் இனம் இயற்கையில் உண்ணும் இரையின் வாடைக்கு மட்டும் நாவை விரைந்து நீட்டுவதையும் பஞ்சையே கடிக்கப் பாய்வதையும் கண்டு 1967இல் வெளியிட்டார். கலிபோர்னியாவில் வாழும் கார்டர் பாம்புகளை ஆராய்ந்த ஸ்டீவன் ஆர்னால்டு, ஓடற்ற நத்தைகள் மிகுந்த கடலோரப் பகுதியில் பிடித்த பாம்புகள் ஈன்ற குட்டிகள் அந்நத்தைத் துண்டுகளை ஆவலுடன் விழுங்கியதையும், அவை இல்லாத உள்நாட்டுப் பகுதிப் பாம்புகளின் குட்டிகளில் பெரும்பாலானவை அவற்றைத் தொடவும் மறுத்ததையும் காட்டினார். ஒரே இனத்துக்குள்ளும் வேறுபடும் இந்த நாட்டம் பயிற்சியால் வந்ததன்று, பிறப்போடு வந்தது.

வளர்ப்போர் கையாளும் உத்திகளில் மிகப் பயன்தருவது இந்த அறிவின் மேல் நிற்பதுதான்: எலியைப் பல்லியாக மணக்கச் செய்வது. முதலில் பிங்கியை வாசனையற்ற சோப்பிட்டுக் கழுவி, பலமுறை அலசி, எலி வாடையைப் போக்குகின்றனர். பின்னர் அமெரிக்கச் செடிகொடிகளில் சாதாரணமாகக் காணப்படும் அனோல் என்ற பச்சைப் பல்லியின் உடலிலோ, அது உரித்த தோலிலோ பிங்கியின் முகத்தைத் தேய்க்கின்றனர். பாம்பு தலைப்பக்கத்திலிருந்து விழுங்கவே விரும்புவதால், வாடை முகத்தில் ஏறியிருந்தால் போதும். இரண்டு மூன்று முறை இப்படித் தின்ற குட்டிக்கு வாடையைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்தால், இறுதியில் வெறும் பிங்கியையே அது ஏற்றுக்கொள்ளும். காட்டுப் பல்லிகளில் ஒட்டுண்ணிகள் இருக்கக்கூடுமாதலால் பல்லியையே இரையாகத் தொடர்ந்து கொடுப்பது உகந்ததன்று. தேரைகளை விரும்பி உண்ணும் மேற்கத்திய ஹாக்னோஸ் பாம்பின் குட்டிகளுக்குத் தேரையின் வாடையையோ, டின்னில் அடைத்த சூரை மீனின் நீரையோ தடவுவதுண்டு.

வாடை சரியாக இருந்தும் இடம் சரியில்லாவிட்டால் பயனில்லை. பறவைக்கும் பெரிய பாம்புக்கும் தானே இரையாகக் கூடிய சிறு உயிர், திறந்த வெளியில் தின்ன அஞ்சும். பெரிய கண்ணாடித் தொட்டியில் ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும் குட்டியை, காற்றுத் துளையிட்ட சிறு பிளாஸ்டிக் டப்பாவில் ஈரமான டிஷ்யூ தாளின் கீழ்ப் பிங்கியோடு விட்டு, மூடி, இருட்டில் இரவு முழுவதும் தொடாமல் வைத்தால், காலையில் டப்பா பெரும்பாலும் காலியாக இருக்கும். அதற்கும் இணங்காத குட்டிக்கு, பிங்கியின் தலையை ஊசிமுனையால் கீறி மூளையின் ஈரம் கசியவிட்டு வைப்பர். கேட்க அருவருப்பானதாயினும் பலனளிக்கும் முறை இது.

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வரும் பந்து மலைப்பாம்பின் கதை வேறு. அதன் உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் குழிகள் இருப்பதால், ஆறிப்போன இரை அதற்கு இரையாகவே தெரிவதில்லை. உடல்சூட்டுக்கு இதமாகச் சூடாக்கிய எலியை இடுக்கியால் பற்றி மறைவிடத்தின் வாயிலில் மெல்ல அசைத்தால் பாய்ந்து பற்றும். இந்தக் குட்டிகள் கார்ன் ஸ்நேக்கைவிடப் பலமடங்கு கனமானவை. அதனால் முதல் இரைக்கு மூன்று நான்கு வாரம் தாமதித்தாலும் கலங்க வேண்டியதில்லை.

நல்ல எடையுடன் இருக்கும் குட்டி மறுத்தால் நான்கைந்து நாள் விட்டு மறுபடியும் வைப்பதே போதுமானது. தினந்தோறும் கையிலெடுத்து இரையை முகத்தருகே நீட்டுபவர் அதற்கு அச்சத்தைத்தான் பழக்குகிறார். முதுகெலும்பு துருத்தி உடல் முக்கோணமாகத் தெரியும் நிலை வந்தால் மட்டுமே, உதவி ஊட்டல் என்னும் அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். தலைக்குப் பின்னால் இரு விரல்களால் மெல்லப் பிடித்து, சிறிய பிங்கியின் மூக்கை உதட்டின்மேல் அழுத்தி வாயைத் திறக்கச் செய்து, பின்னோக்கி வளைந்த பற்கள் அதில் மாட்டியவுடன் குட்டியைக் கீழே வைத்துவிட்டு, மூச்சையும் அடக்கி அசையாதிருப்பது இம்முறை. பல குட்டிகள் துப்பிவிடும். சில, வாயிலிருப்பதைத் திடீரென உணர்ந்ததுபோல் விழுங்கத் தொடங்கும். தொண்டைக்குள் தள்ளிப் புகட்டுவது இதனினும் கடுமையானது, உணவுக்குழாயைக் கிழித்துவிடவும் கூடியது என்பதால், கைதேர்ந்தவரோ கால்நடை மருத்துவரோ மட்டுமே செய்யத்தக்கது.

தின்ற பின்னும் அவசரம் கூடாது. இரை செரிக்கக் கூண்டின் ஒரு முனையேனும் 28 முதல் 30 டிகிரி வெப்பத்துடன் இருக்க வேண்டும். இரண்டு நாள்களுக்கு யாரும் கையிலெடுக்கலாகாது. குளிராலோ கலவரத்தாலோ குட்டி இரையைக் கக்கிவிட்டால், உடனே மறுபடி ஊட்டாமல் பத்து நாளேனும் வயிற்றுக்கு ஓய்வு தந்து, அதன்பின் முன்னதினும் சிறிய இரையை வைப்பர். எலியிலும் பாம்பிலும் சால்மோனெல்லா என்னும் குடல்நோய்க் கிருமி இருக்கக்கூடுமாதலால், இவ்வேலைகளுக்குப் பின் கைகழுவுவதும், இரையைச் சமையல் பாத்திரங்களிலிருந்து விலக்கி வைப்பதும் கட்டாயம்.

இந்தியாவில் காட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது; பந்து மலைப்பாம்பு போன்று அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என 2022ஆம் ஆண்டுத் திருத்தம் விதிக்கிறது. பாம்புகளை வளர்த்து விற்கும் தொழில் வேரூன்றிய மேலை நாடுகளில், மூன்று நான்கு முறையாவது தானாக உண்ட பிறகே குட்டியை விற்பது நேர்மையான வளர்ப்போரின் வழக்கம். ஒவ்வொரு குட்டிக்கும் எந்நாளில் என்ன வைக்கப்பட்டது, தின்றதா, எப்போது சட்டை உரித்தது என்று அவர்கள் எழுதிவைக்கும் அட்டையை, நிறத்தையும் விலையையும் விசாரிப்பதற்கு முன்னரே வாங்குபவர் கேட்டுப் பெற வேண்டும்.