குழாய்க்குப் பின்னால் என்ன இருக்கிறது? ஒலி சொல்லும்!

பொங்கலுக்கு முன்பு ஈப்போ லிட்டில் இந்தியாவில் மண்பானை வாங்கும் அம்மாக்களைக் கவனித்திருக்கிறீர்களா? விலை பேசுவதற்கு முன்பே பானையைத் தூக்கிப் பிடித்து, விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். 'ணங்' என்று கேட்டால் நல்ல பானை. சத்தம் செத்துப்போய்க் கேட்டால் எங்கோ கீறல் இருக்கிறது என்று அடுத்த பானைக்குப் போய்விடுவார்கள்.

கண்ணுக்குத் தெரியாததைக் காதால் கண்டுபிடிக்கும் வித்தை இது. வானொலியில் ஒலியோடு பிழைப்பு நடத்தும் எனக்கு, இதே வித்தையைக் கடலுக்கு அடியில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் செய்கிறார்கள் என்று அறிந்தபோது ஆர்வம் தாங்கவில்லை. அங்கே தட்டிப் பார்க்கப்படுவது பானையல்ல, எண்ணெய்க் கிணறு.

உறைக்குள் உறை

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு உறைகிணறு தெரியும். மண் சரியாமல் இருக்க சிமெண்டு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கியிருப்பார்கள். எண்ணெய்க் கிணற்றுக்கும் உறை உண்டு. ஆனால் அது எஃகுக் குழாய். மேலே அகலமான குழாய், அதற்குள் கொஞ்சம் சிறியது, அதற்குள் இன்னும் சிறியது என்று, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய சில்வர் டம்ளர்கள் போல ஆழம் போகப்போகக் குறுகிக்கொண்டே போகும்.

குழாயை இறக்கியதும் சிமெண்டுக் கரைசலை அதன் உள்ளே செலுத்துவார்கள். அது அடிவரை போய், குழாய்க்கும் பாறைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் மேலேறி இறுகும். இந்தச் சிமெண்டுச் சுவர் பல இடங்களில் சில சென்டிமீட்டர் கனம்தான் இருக்கும். ஆனால் பூமிக்குள் பெரும் அழுத்தத்தில் இருக்கும் எரிவாயு, குழாயின் வெளிப்புறமாக மேலே ஏறிவிடாமல் தடுப்பது அதுதான். நிலத்தில் தோண்டும் கிணறாக இருந்தால், எண்ணெய் நிலத்தடி நீரில் கலக்காமல் காப்பதும் அதுதான்.

அந்தச் சுவரில் ஒரு வாய்க்கால் போல இடைவெளி விழுந்துவிட்டால்? யாரும் எட்டிப் பார்க்க முடியாது. நடுவே எஃகு நிற்கிறது.

ஓசை வந்தால் ஆபத்து

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு சில்வர் டம்ளரை இரண்டு விரலால் மட்டும் பிடித்துக் கரண்டியால் தட்டுங்கள். கணீரென்று ஒலிக்கும். இப்போது டம்ளரை உள்ளங்கை முழுவதும் படும்படி இறுகப் பிடித்துத் தட்டுங்கள். 'டொக்'கென்று அடங்கிவிடும்.

கிணற்றிலும் இதே கதைதான். பானைக் கணக்கு இங்கே தலைகீழ்! குழாய் கணீரென்று ஒலித்தால் அதைச் சுற்றிப் பிடிக்கச் சிமெண்டு இல்லை என்று அர்த்தம். ஓசை அமுங்கினால் சிமெண்டு இறுகப் பற்றியிருக்கிறது. நீண்ட கம்பிவடத்தில் ஒரு கருவியை இறக்கி, ஒரு முனையில் ஒலியெழுப்பி, 3 அடி, 5 அடி தள்ளி இருக்கும் ஒலிவாங்கிகளில் அதைக் கேட்பார்கள். பல பத்தாண்டுகளாக நடக்கும் சோதனை இது.

இதில் ஒரு குறை. அது குழாயின் சுற்றுப்புறம் முழுவதற்கும் சேர்த்து ஒரே சராசரி விடையைத் தருகிறது. ஒரு பக்கத்தில் மட்டும் ஒடுக்கமான பிளவு இருந்தால் சராசரியில் அது மறைந்துபோகலாம். அதனால், காதுக்குக் கேட்காத மீயொலியைச் சுற்றிச் சுழன்று அனுப்பும் கருவிகள் வந்தன. அவை திசைவாரியாகப் படம் வரைந்தன. ஆனால் ஒலி புறப்படும் கோணத்தைக் கருவியைச் செய்யும்போதே முடிவுசெய்துவிட்டார்கள். குழாயின் கனம் மாறினாலும், உள்ளே இருக்கும் திரவம் மாறினாலும் அந்தக் கோணம் பொருந்தாமல் போகலாம்.

திசை திருப்பும் தந்திரம்

இங்கேதான் 'திருப்பக்கூடிய ஒலி' வருகிறது. பேராக்கில் பழைய ஈயக் குட்டைகளுக்குப் பஞ்சமில்லை. அதில் ஒன்றின் கரையில் பத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் ஆளுக்கொரு கல்லைப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சிறு வட்டங்கள் ஒன்றுசேர்ந்து ஒரே அலையாக நேர் எதிர்க்கரைக்குப் போகும். அடுத்த முறை இடது ஓரத்துப் பிள்ளை முதலில் போட, மற்றவர்கள் ஒரு கண நேரம் விட்டுவிட்டு வரிசையாகப் போடுகிறார்கள். இப்போது அலை வலப்பக்கமாகச் சாய்ந்து போகும். யாரும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. நேரத்தை மட்டும் மாற்றினார்கள், அலை திரும்பிவிட்டது.

பிள்ளைகளுக்குப் பதிலாக வரிசையாகப் பொருத்திய சின்னஞ்சிறு ஒலிச்சில்லுகள், கண நேரத்துக்குப் பதிலாக ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவிலான இடைவெளி. இவ்வளவுதான் வித்தியாசம். கருவியின் எந்தப் பாகமும் அசையாமலேயே ஒலிக்கற்றையை நேராக, சாய்வாக, ஒரு புள்ளியில் குவியும்படி அனுப்பலாம். வயிற்றில் இருக்கும் குழந்தையை ஸ்கேனில் பார்த்தோமே, அங்கேயும் இதே தந்திரம்தான்.

சாய்வாக அனுப்புவதால் என்ன லாபம்? நேராக மோதும் ஒலி, குழாயின் கனத்தையும் அதை ஒட்டி இருப்பதையும் சொல்லும். சரியான கோணத்தில் சாய்ந்து மோதும் ஒலியோ, எஃகுச் சுவர் நெடுக ஓடியபடியே தன் ஒரு பங்கைச் சிமெண்டுக்குள் கசியவிடும். அது சிமெண்டின் மறுபக்கத்தைத் தொட்டுத் திரும்பி வரும்போது, அங்கே இருப்பது திடமா, திரவமா, வாயுவா என்பதற்கான தடயத்தையும் கொண்டுவரும்.

இரண்டு குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும் இடத்தில் வேலை இன்னும் கடினம். முதல் எஃகே பெரும்பகுதி ஒலியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மிஞ்சிய மெல்லிய எதிரொலியைப் பிரித்தெடுப்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் இன்றைய சவால்.

கேட்காமல் விட்ட ஒலி

இதெல்லாம் பொறியாளர்கள் கவலை, நமக்கென்ன என்று தோன்றலாம். 2010 ஏப்ரல் 20-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' மேடை, பிபி நிறுவனத்துக்காக மக்கொண்டோ கிணற்றைத் தோண்டி முடித்திருந்தது. கடைசிக் குழாய்க்குச் சிமெண்டு போட்ட வேலை அன்று நள்ளிரவு தாண்டி முடிந்தது. சிமெண்டை ஒலியால் சோதிப்பதற்காக ஷ்லம்பர்ஜே நிறுவனக் குழு மேடையில் தயாராக இருந்தது. உள்ளே செலுத்திய திரவம் குறையாமல் திரும்பி வந்துவிட்டது, ஆகவே சிமெண்டு நன்றாக இருக்கும் என்று கருதிச் சோதனை வேண்டாமென்று முடிவுசெய்தார்கள். குழு காலை 11 மணிக்கு மேல் ஹெலிகாப்டரில் கரை திரும்பியது.

அன்றிரவு 10 மணிக்குச் சற்று முன்பு கிணறு வெடித்தது. 11 தொழிலாளர்கள் மாண்டார்கள். 87 நாள் எண்ணெய் கடலில் கொட்டியது. பிறகு அமெரிக்க நாடாளுமன்றக் குழு கணக்கெடுத்தபோது, அந்தச் சோதனைக்கு 9 முதல் 12 மணி நேரமும் 1 லட்சத்து 28 ஆயிரம் டாலரும் ஆகியிருக்கும் என்று தெரிந்தது.

சோதனை நடந்திருந்தால் விபத்தே நடந்திருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. அன்று மாலை எடுத்த அழுத்தச் சோதனையும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. ஆனால் கேட்பதற்குக் காது இருந்தும் கேட்காமல் அனுப்பிவைத்தார்கள் என்பது மட்டும் உண்மை.

நம் வாசலில்

மலேசியாவின் எண்ணெய்க் கதை 1910-இல் சரவாக்கின் மிரியில், கனடா குன்றில் தொடங்கியது. 'கிராண்ட் ஓல்ட் லேடி' என்று செல்லமாக அழைக்கப்படும் அந்த முதல் கிணறு 1972-இல் மூடப்பட்டது. இன்று திரெங்கானு, சபா, சரவாக் கடல்களில் வயதாகிவரும் கிணறுகள் பல. ஓய்வுபெறும் கிணற்றை நிரந்தரமாக அடைப்பதற்கு முன்பு, வெளிப்புறச் சிமெண்டு இன்னும் உறுதியா என்று உறுதிப்படுத்த வேண்டும். உட்குழாயை உருவி எடுத்துவிட்டுப் பார்ப்பதென்றால் செலவு கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு அடுக்கையும் தாண்டிக் கேட்கும் ஒலி கைவந்தால் பணமும் மிச்சம், கடலும் பத்திரம்.

இந்தத் துறையைப் படிக்கும் இடமும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. ஈயம் தோண்டிய துரோனோ வட்டாரத்தில், ஸ்ரீ இஸ்கண்டாரில், 1997 முதல் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. பெட்ரோலியப் பொறியியல்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. அலைகளைப் புரிந்துகொள்ள இயற்பியல், எதிரொலியைப் பிரித்தெடுக்கக் கணிதமும் கணினியும் தெரிந்தவர்களுக்கும் இங்கே வேலை உண்டு. எஸ்.பி.எம். முடித்து எதைப் படிக்கலாம் என்று யோசிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வழியையும் காட்டிவையுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. கடல் மேடையில் வேலை பார்க்கும் மகனோ மகளோ விடுமுறைக்கு வீடு திரும்பும்போது, சம்பளத்தை விசாரிக்கும் கையோடு இன்னொன்றையும் விசாரியுங்கள்: "உங்க கிணத்துல சிமெண்டத் தட்டிப் பாத்தாங்களாப்பா?"