யானைப் பாதையில் மறந்துபோன மனிதர்கள்

ஹொலிவூட்டின் வரலாற்றுக் காதற் படங்கள் என்றதும் பலரும் முதலில் சொல்லும் பெயர் 'கோன் வித் த விண்ட்'. மார்கரெட் மிட்செலின் நாவலைத் தழுவி 1939இல் வெளிவந்த, ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடும் படம் அது. அதன் நாயகி விவியன் லீ, 1953இல் இன்னொரு காதற் படத்தில் நடிப்பதற்காக நம் நாட்டுக்கு வந்தார் என்பது எங்களில் பலர் அறியாத செய்தி.

அந்தப் படம் 'எலிஃபண்ட் வோக்'. 'யானைப் பாதை' எனத் தமிழில் சொல்லலாம். ரொபர்ட் ஸ்டாண்டிஷ் எழுதிய நாவலைப் பரமவுண்ட் நிறுவனம் படமாக்கியது. படப்பிடிப்புக் காலத்தில் விவியன் லீ மனநோயால் பாதிக்கப்பட்டு விலக நேர்ந்தது. அவருடைய இடத்தில் எலிசபெத் டெய்லர் நடித்தார். படம் 1954இல் வெளிவந்தது. ஆயினும், இலங்கையில் எடுத்த சில தூரக் காட்சிகளில் தெரிபவர் விவியன் லீதான்.

கதை இதுதான். ஜோன் வைலி என்னும் ஆங்கிலேயத் தோட்டத்துரையை மணந்து ரூத் என்ற இளம்பெண் இலங்கை வருகிறாள். அவள் வாழவந்த பெரிய பங்களா, யானைகள் தலைமுறை தலைமுறையாக நீர் தேடிச் சென்ற பாதையை மறித்துக் கட்டப்பட்டது. கட்டியவர் ஜோனின் தந்தை. அவர் இறந்த பின்னரும் வீட்டில் அவர் ஆட்சிதான். முதன்மைப் பணியாளர் அப்புஹாமி அதைக் காத்து வருகிறார். தனிமையில் வாடும் ரூத்தின் மனம் இன்னொருவரை நாடுகிறது. அவ்வேளை தோட்டத்தில் வாந்திபேதி பரவுகிறது. அந்தத் துன்பம் கணவனையும் மனைவியையும் மீண்டும் சேர்க்கிறது. இறுதியில் யானைக் கூட்டம் தடையை உடைத்து வர, பங்களா எரிந்து அழிகிறது.

இந்தப் படத்தை நான் உம்மாவுடன் இருந்து பார்த்தேன். முடிந்ததும் உம்மா கேட்டது ஒரேயொரு கேள்விதான்: "வருத்தம் வந்த அந்தத் தோட்டத்து ஆக்களுக்குப் பொறகு என்ன நடந்த?"

படத்தில் அதற்கு விடை இல்லை. தொழிலாளர்கள் கூட்டமாக வருகிறார்கள், வேலை செய்கிறார்கள், நோயில் விழுகிறார்கள். அவர்களின் துயரம் நாயகன் நாயகியின் மனமாற்றத்துக்கு ஒரு காரணமாக அமைவதோடு சரி. விடையைத் தேடி நான் வரலாற்றுப் பக்கம் போகவேண்டி வந்தது.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மலையகத் தமிழர்கள் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றார்கள். சுதந்திரம் கிடைத்த 1948இலேயே வந்த குடியுரிமைச் சட்டம் அம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை. அதற்கு மறு ஆண்டுதான் ஹொலிவூட்டின் படக்கருவிகள் இங்கே வந்திறங்கின.

1964இல் இலங்கைப் பிரதமரும் இந்தியப் பிரதமரும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவும் 3,00,000 பேர் இங்கே குடியுரிமை பெறவும் முடிவானது. எஞ்சியோரின் கதி அன்று தீர்மானிக்கப்படவில்லை. நாடற்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டம் 2003இல்தான் வந்தது.

இங்கேதான் படத்தின் பெரிய முரண்பாட்டை நான் காண்கிறேன். பழைய பாதையில் யானைகளுக்கு உரிமை உண்டு என்பதைக் கதை ஒப்புக்கொள்கிறது. அதே காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களின் சந்ததிக்கு அந்த மண்ணில் என்ன உரிமை என்று அது கேட்கவே இல்லை.

'கோன் வித் த விண்ட்' படத்திலும் இதே குறை உண்டு. அடிமைகளின் உழைப்பில் வாழ்ந்த ஒரு சமூகத்தை அது அழகிய பொற்காலமாகக் காட்டுகிறது. அதில் பணிப்பெண்ணாக நடித்த ஹட்டி மெக்டானியல், ஒஸ்கார் விருது பெற்ற முதல் கறுப்பினத்தவர். விருது விழாவிலே அவருக்குத் தனியாக ஒரு மேசை ஒதுக்கப்பட்டது. 2020இல் அமெரிக்காவில் ஓர் இணையச் சேவை அப்படத்தைச் சிறிது காலம் நிறுத்தி, பின்னர் ஓர் அறிஞரின் விளக்க உரையுடன் மீண்டும் வெளியிட்டது.

எனக்கு அந்த வழி பிடித்திருக்கிறது. பழைய படங்களை ஒதுக்க வேண்டியதில்லை. விளக்கத்தோடு பார்த்தால் போதும். அந்த விளக்கத்தைத் தர எங்கள் வீடுகளிலேயே ஆள் உண்டு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைகளில் வேலை செய்யும் எத்தனையோ பேரின் குடும்பங்கள் இன்னும் மலையகத்து லயன்களில் வாழ்கின்றன. பெற்றோரே, பிள்ளைகளோடு இருந்து ஒரு படத்தைப் பாருங்கள். தோழியரே, நாயகியின் உடையையும் வீட்டையும் ரசியுங்கள். கூடவே, அவளுக்குத் தேநீர் கொண்டுவந்து வைப்பவரின் பெயரைப் படம் சொல்கிறதா என்றும் கவனியுங்கள்.