எரிந்த சுருளும் எஞ்சிய ஒளியும்

நுழையும்முன்

பழைய திரைப்படம் ஒன்று மீட்டெடுக்கப்பட்டு வட்டாக வெளிவரும்போது, ‘படம் பளிச்சென்று இருக்கிறது’ என்று பலரும் பாராட்டுவர். பளிச்சென்று இருப்பது மட்டும் நல்ல மீட்புக்கு அடையாளமாகுமா? தீயில் சிதைந்து மீண்டெழுந்த மூன்று திரைப்படங்களைச் சான்றாகக் கொண்டு, காட்சித்தரத்தை மதிப்பிடும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

தீயில் சிதைந்த மூலம்

சத்யஜித் ரே இயக்கிய ‘பதேர் பாஞ்சாலி’ (1955), ‘அபராஜிதோ’ (1956), ‘அபுர் சன்சார்’ (1959) ஆகிய வங்கமொழித் திரைப்படங்கள் அபு என்பவனின் வாழ்க்கையைத் தொடர்ச்சியாகக் கூறுவன. மூன்றுக்கும் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. இவற்றின் நெகட்டிவ் எனப்படும் மூலச்சுருள்கள், 1993ஆம் ஆண்டு இலண்டன் படச்சாலை ஒன்றில் நேர்ந்த தீவிபத்தில் சிக்கின. கருகி எஞ்சியவை அமெரிக்காவின் அகாதெமி திரைப்பட ஆவணக்காப்பகத்தில் வைக்கப்பட்டன.

இருபது ஆண்டுகளுக்குப் பின், கிரைடீரியன் நிறுவனமும் அந்த ஆவணக்காப்பகமும் இணைந்து மீட்புப்பணியைத் தொடங்கின. இத்தாலியின் பொலோனா நகரிலுள்ள லிம்மாஜினே ரித்ரோவாத்தா ஆய்வகத்தில், உலர்ந்து முறுகிய சுருள்களுக்கு ஈரப்பதம் ஊட்டப்பட்டது. உருகி ஒட்டிய பசை நீக்கப்பட்டது. ஓரத் துளைகள் கையாலேயே சீரமைக்கப்பட்டன. இதற்கு ஏறத்தாழ 1000 மணிநேர உழைப்பு தேவைப்பட்டது. அதன் பயனாக, ‘பதேர் பாஞ்சாலி’யில் 40 விழுக்காடும் ‘அபராஜிதோ’வில் 60 விழுக்காட்டிற்கு மேலும் மூலச்சுருளிலிருந்தே பெறப்பட்டன. எஞ்சிய பகுதிகளும் ‘அபுர் சன்சார்’ முழுவதும் பிற ஆவணக்காப்பகங்கள் முதலியவற்றிலிருந்த படிகளைக்கொண்டு நிறைவு செய்யப்பட்டன. 2015இல் இம்மூன்றும் 4கே தரத்தில் மீண்டும் திரைக்கு வந்தன. பின்னர் புளூ-ரே வட்டுகளாகவும் வெளியாயின.

மதிப்பிடும் முறை

முதலில் அறியவேண்டியது, படம் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதாகும். படியிலிருந்து படி எடுக்குந்தோறும் நுட்பமான விவரங்கள் குறையும். ஒளிக்கும் நிழலுக்கும் இடைப்பட்ட சாயல்கள் மறையும். எனவே, ஒரே படத்தில் ஒரு காட்சி தெளிவாகவும் அடுத்த காட்சி சற்று மங்கலாகவும் இருக்கக்கூடும். அதனை மீட்பாளரின் குறை என்று உடனே முடிவு செய்தல் பொருந்தாது.

இரண்டாவது, துகள்கள். கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் உருவத்தைத் தாங்குவன நுண்ணிய வெள்ளித் துகள்களே. திரையில் மெல்ல அசையும் மணல்போன்ற பரப்பு அவற்றின் தோற்றம். அதனை அழுக்கெனக் கருதிக் கணினியால் முற்றாக வழித்தெடுத்தால், உருவத்தின் நுட்பமும் உடன் போய்விடும். ‘பதேர் பாஞ்சாலி’யில் வரும் மூதாட்டி இந்திர் தாக்ருணின் முகத்தை உற்றுநோக்குக. சுருக்கங்கள் ஒவ்வொன்றும் தெரிந்தால் மீட்பு நன்று. முகம் மெழுகுபோல் வழவழப்பானால் தவறு. கீறல், தூசு, எரிந்த வடு ஆகியன காலத்தால் வந்தவை, அவற்றை நீக்கலாம். துகளோ படத்தோடு பிறந்தது.

மூன்றாவது, ஒளியின் படிநிலை. அபுவும் துர்காவும் தொடர்வண்டியைக் காணும் காட்சியில் வெண்ணிற நாணற்பூக்களும் கரும்புகையும் ஒருசேரத் தோன்றும். பூக்கள் வெள்ளைத் திட்டாகவோ, புகை கரித் திட்டாகவோ ஆகிவிடாமல் இரண்டிலும் இழையோட்டம் தெரிதல் வேண்டும். ‘அபராஜிதோ’வில் காசி வீட்டின் முற்றம் கல்கத்தாவில் அமைக்கப்பட்ட அரங்காகும். மேலே வெண்துணி கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பச்செய்து, மித்ரா இயற்கையான மென்னொளியை உருவாக்கினார். கவர்ச்சிக்காகக் கருமையைக் கூட்டினால் அவர்தம் கலைத்திறனே அழிந்துவிடும்.

நான்காவது, விளிம்பும் சட்டகமும். செயற்கையாகக் கூர்மை ஏற்றப்பட்ட படத்தில் உருவங்களைச் சுற்றி வெண்கோடு தோன்றும். இப்படங்களின் சட்டகம் இன்றைய அகலத்திரையைவிடக் குறுகியது. ஆகவே இருபுறமும் கறுப்புப் பட்டை இருத்தலே முறை. திரையை நிரப்பப் படத்தை இழுத்தால் உருவம் பருக்கும். வெட்டினால் காட்சியமைப்பு சிதையும்.

தீர்ப்புக்கு முன்

வட்டைக் குறைகூறுமுன் தொலைக்காட்சியின் அமைப்புகளையும் சரிபார்த்தல் வேண்டும். மிகுந்த கூர்மையும் அசைவை வழவழப்பாக்கும் வசதியும் நல்ல மீட்பையும் கெடுத்துவிடும்.

ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பவர் சிதைந்த இடத்தைத் தம் சொல்லால் நிரப்புதல் கூடாது. திரைப்பட மீட்புக்கும் அதே நேர்மை வேண்டும். புதிய வட்டின் வழியாகவே அடுத்த தலைமுறை இப்படங்களை அறியப்போகிறது. அதில் மெருகுக்காக அழிக்கப்பட்டது எதுவோ, அதனை அவர்கள் இருந்ததாகவே அறியமாட்டார்கள். ஆகவே, ‘எவ்வளவு புதிதாகத் தெரிகிறது?’ என்பதைவிட, ‘படைத்தவர் காட்டியதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது?’ என்று வினவுவதே சிறந்த மதிப்பீடாகும்.

கற்பவை கற்றபின்

1. பழைய கறுப்பு வெள்ளைத் திரைப்படம் ஒன்றின் ஒரே காட்சியை இருவேறு பதிப்புகளில் கண்டு, துகள், ஒளி, சட்டகம் ஆகியவற்றின் வேறுபாடுகளை அட்டவணைப்படுத்துக.
2. ‘காலத்தின் வடுவை நீக்கலாம், கலைஞரின் தடத்தை நீக்கலாகாது’ – வகுப்பறையில் கலந்துரையாடுக.