போன் மலையேறிவிடும் ஊரில் பாடம்

எங்கள் பள்ளத்தாக்கில் நிறைய வீடுகளின் போன், விடியும் முன்பே மலையேறிவிடும். கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி என்று ஊர் ஊராகப் பெண்கள் ஜீப்பில் ஏறி, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவும் இடுக்கிப் பக்கம் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறார்கள். வீட்டில் இருப்பதே ஒரு ஸ்மார்ட்போன். அது தூக்குச்சட்டியோடு சேர்ந்து அம்மாவின் பைக்குள் போய்விடும். திரும்பி வரும்போது இருட்டியிருக்கும், சார்ஜும் தீர்ந்திருக்கும். டிஜிட்டல் கல்வி என்று யார் பேசினாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த ஜீப்தான்.

கம்பத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை சமூக அறிவியல் நடத்துகிறேன். 2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தன. உள்ளே பாடத்துக்குப் பாடம் கியூஆர் கோடு. போனைக் காட்டினால் தீக்ஷா தளத்திலிருந்து அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். பெற்றோர் கூட்டத்தில் உற்சாகமாக அதை விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஓர் அம்மா எழுந்தார். "எல்லாம் சரிதான் டீச்சர். போனை நான் ஏலக்காட்டுக்குக் கொண்டுபோயிருவேன்ல, புள்ள எதுல பாக்கும்?"

அதற்குப் பிறகு எந்தத் திட்டம் வந்தாலும் அந்த அம்மாவின் கேள்வியில்தான் உரசிப் பார்க்கிறேன்.

2019 ஆகஸ்ட் 26-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி அந்த உரசலில் தேறியது. டி.வி. எந்த ஜீப்பிலும் ஏறாது அல்லவா? கரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிகளைப் பூட்டிய பிறகு, நாங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியதைவிட டி.வி. பாடம்தான் எங்கள் பிள்ளைகளில் அதிகம் பேரை எட்டியது. ஆனால் டி.வி. தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகும். புரியாமல் முழிக்கும் முகம் அதற்குத் தெரியாது. எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021 நவம்பர் 1-ல்தான் பள்ளிக்குத் திரும்பினார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறியவர்களையும் அன்று பார்த்தேன்.

பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய சக ஆய்வாளர்களும் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பதினெட்டு மாத மூடலில் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறே மாதத்தில் மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் சுமார் கால் பங்குக்குக் காரணம், 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்கள். சாயங்காலம் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள். பெரிய கருவி எதுவும் அவர்கள் கையில் இல்லை.

அதற்காகத் திரையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. திரை இல்லாமல் என்னால் நடத்தியிருக்கவே முடியாத பாடம் ஒன்று உண்டு.

ஏழாம் வகுப்பில் முல்லைப் பெரியாறு பற்றிப் பேச்சு வந்தது. 1895-ல் பொறியாளர் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அவர் பெயரையே பிள்ளைக்கு வைத்த வீடுகள் இங்கே உண்டு. தண்ணீர் திறந்தால் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு நாற்றுப் பாவுவார்கள் என்பதும் வீட்டுப் பேச்சிலேயே வருவது. ஆனால் ஒரு பையன் கேட்டான்: "ஆறு மலைக்கு அங்கிட்டு கேரளாவுக்குள்ள ஓடுது. தண்ணி எப்புடி டீச்சர் இங்கிட்டு வரும்? மேல ஏறுமா?"

கரும்பலகையில் மலை வரைந்தால் அது முக்கோணமாகத்தான் நிற்கும். கூகுள் எர்த்தைத் திறந்து, அந்த அணை தேக்கிவைத்திருக்கும் தேக்கடி ஏரியில் ஆரம்பித்தோம். தண்ணீர் சுரங்கத்துக்குள் நுழையும் இடம் வந்ததும் நிறுத்தினேன். "இனி எங்கே போகும், சொல்லுங்க." ஆளாளுக்குக் கத்தினார்கள். படத்தைச் சாய்த்து மலையைப் பக்கவாட்டில் காட்டினேன். கர்சரை வைத்த இடத்தின் கடல்மட்ட உயரம் திரையின் அடியில் எண்ணாக வரும். ஏரியின் உயரத்தை ஒருத்தி படித்தாள், மலையடிவாரத்து லோயர்கேம்ப் உயரத்தை இன்னொருத்தி. முன்னூறு மீட்டருக்கும் மேல் வித்தியாசம். கேட்ட பையனே பதிலும் சொன்னான்: "ஏறல டீச்சர். மலையில ஓட்டை போட்டு இறக்கி விட்ருக்காங்க." குமுளி பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்த ராட்சதக் குழாய்கள் எதற்கு என்று வகுப்புக்கு அன்றுதான் விளங்கியது.

பிறகு ஒரு சிறுமி, வண்டன்மேட்டில் தன் அம்மா வேலை பார்க்கும் தோட்டத்தைக் காட்டச் சொன்னாள். போனோம். மரத்தலைகள்தான் தெரிந்தன, ஏலச்செடி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஏன் என்று கேட்டேன். "ஏலத்துக்கு நெழல் வேணும் டீச்சர், அதான் மரத்துக்குக் கீழ வச்சிருப்பாங்க" என்று அவளே சொன்னாள். அன்று திரை எரிந்தது கொஞ்ச நேரம்தான். மீதியெல்லாம் பேச்சு.

கருவியைக் கொடுத்தால் படிப்பு தானாக வந்துவிடும் என்று நம்பிய நாடுகள் உண்டு. 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தில் பெரு நாடு கிராமப் பள்ளிகளுக்கு மடிக்கணினிகளை அள்ளிக் கொடுத்தது. அங்கே 319 பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. கணக்கிலோ மொழிப்பாடத்திலோ மதிப்பெண் உயரவில்லை. டெல்லியில் வேறு மாதிரி நடந்தது. மைண்ட்ஸ்பார்க் மென்பொருள், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புக் கணக்குத்தான் வரும் என்றால் மூன்றாம் வகுப்பிலிருந்தே தொடங்கியது. நாலரை மாதத்தில் கணக்கும் இந்தியும் நன்றாக ஏறின. இதையும் ஆராய்ந்தவர் முரளிதரன்தான். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்த மையங்களில் பாதி நேரம் கணினி என்றால், மறுபாதி நேரம் சிறு குழுவாக ஓர் ஆள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்.

தமிழ்நாட்டில் கருவிகளுக்குக் குறைவில்லை. 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப், 22,931 தொடக்கப் பள்ளி ஸ்மார்ட் வகுப்பறைகள், 79,723 தொடக்க நிலை ஆசிரியர்களுக்கு டேப்லெட் என்று அரசின் பட்டியல் நீளம். 2023-ல் வந்த மணற்கேணி செயலியில் பாடங்கள் அசையும் படங்களாகவே இருக்கின்றன. பள்ளியில் இருக்கும் திரை மலையேறாது என்பதால், எங்கள் பிள்ளைகளுக்கு இவைதான் சரி என்பது என் கட்சி. போனில் பார்த்துவிட்டு வா என்று வீட்டுப்பாடம் கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. ஆடிக்காற்று அடித்தால் கரண்ட் போய்ப் போய் வரும். யு.பி.எஸ். பேட்டரி செத்துப்போயிருந்தால் லேப்பும் அதோடு படுத்துவிடும். நெட் சுற்றிக்கொண்டே இருந்தால் வகுப்பு கையைவிட்டுப் போய்விடும். அதனால் வீடியோவை முதல் நாளே இறக்கி வைத்துக்கொள்கிறேன். தீக்ஷாவில் அந்த வசதி உண்டு. ஸ்மார்ட் போர்டில் படம் வராவிட்டால் கடைசி பெஞ்சு ஆட்களைக் கூப்பிட வேண்டியதுதான். "சோர்ஸை மாத்துங்க டீச்சர்" என்று ரிமோட்டை வாங்கி நொடியில் சரிசெய்துவிடுகிறார்கள். இவற்றையெல்லாம் சமாளித்துவிடலாம்; கற்பிக்கும் நேரத்தைத் தின்பது புள்ளிவிவரம் ஏற்றும் வேலை. பாடம் நடத்தக் கொடுத்த கருவியில் பாதிப் பொழுது பதிவேற்றம் என்றால் அது ஆசிரியருக்கு அல்ல, ஆபீசுக்குக் கொடுத்த கருவி.

டேப்லெட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் மைக்தான். வாசிக்கத் திணறும் பிள்ளையை ஒரு பத்தி படிக்கச் சொல்லிப் பதிவு செய்து, அவளுக்கே போட்டுக் காட்டுவேன். தவறை நான் சொன்னால் முகம் சுண்டிவிடும். தன் குரலைத் தானே கேட்டால் "அழிங்க டீச்சர், திரும்பப் படிக்கிறேன்" என்பாள். இதற்கு நெட் வேண்டாம், செயலி வேண்டாம், காசும் வேண்டாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த மாதம் போர்டில் எந்தப் பாடம் ஓடியது? அதில் பிள்ளைகள் என்ன கேட்டார்கள்? பேட்டரி உயிரோடு இருக்கிறதா? சென்னையிலும் பெங்களூரிலும் நல்ல வேலையில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. படித்த பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைத்தால் இன்னொரு ஸ்மார்ட் போர்டு வாங்கி அனுப்பாதீர்கள். தலைமையாசிரியருக்கு போன் போட்டு, பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள்.