பல்பு மாத்த ஆள் வரும், பில்லும் வரும்

போன மாசம் அப்பா ஸ்டூல் மேல ஏறி டியூப்லைட் மாத்தும்போது கீழே விழுந்துட்டார். நல்லவேளை, எலும்பு முறியலை. ஆனா அன்னைக்கு ராத்திரியே நானும் தங்கச்சியும் கோவைப் பக்கம் சீனியர் லிவிங் குடியிருப்புகளைத் தேட ஆரம்பிச்சுட்டோம். மிதமான வெயில், நல்ல ஆஸ்பத்திரிகள், விமான நிலையம் எல்லாம் இருக்கறதால இந்தியாவுலயே இந்த மாதிரி குடியிருப்புகள் அதிகமா இருக்கற ஊர்கள்ல கோவையும் ஒண்ணு.

விளம்பரத்துல எல்லாம் ஒரே வார்த்தைதான்: மெயின்டனன்ஸ் ஃப்ரீ. குழாய் ஒழுகினா, ஃபேன் நின்னா ஒரு போன் போதும். வீடு பெருக்கித் துடைக்க ஆள் வரும். மூணு வேளைச் சாப்பாடு பொதுச் சமையலறையில் இருந்து. பாத்ரூம்ல வழுக்காத டைல்ஸ், கைப்பிடி, அவசர பட்டன். பெருசு பெருசா கிளப் ஹவுஸ் காட்டுவாங்க. எனக்கு அந்த பட்டன்தான் முக்கியமாப் பட்டது.

இதுல ‘ஃப்ரீ’ன்னா வேலை இல்லைன்னு அர்த்தம், செலவு இல்லைன்னு இல்ல. நாங்க முதல்ல ஃப்ளாட் விலையைத்தான் பார்த்தோம். உண்மையில பார்க்க வேண்டியது மாசக் கட்டணம். ஒரு கணக்கு போடுவோம். இன்னைக்கு மாசம் 20,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க. வருஷத்துக்கு 8 சதவீதம் ஏறினா, 15 வருஷத்துல அது சுமார் 63,000 ஆயிடும். அப்பாவோட வட்டி வருமானம் அந்த வேகத்துல ஏறாது. அப்போ மீதியை யார் கட்டுவாங்க? நானும் தங்கச்சியும்தான். அதனால கட்டணம் எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீங்க, வருஷத்துக்கு எவ்வளவு வரைக்கும் ஏத்தலாம்னு ஒப்பந்தத்துல இருக்கான்னு பாருங்க.

அடுத்தது, யார் அங்க இருக்கலாம்? பல இடங்கள்ல 55 வயசுக்கு மேல இருந்தாதான் குடியிருக்க முடியும். நாளைக்கு அந்த ஃப்ளாட் உங்க பேருக்கு வந்தாலும் நீங்க போய்த் தங்க முடியாது. விக்கலாம், ஆனா வாங்கறவங்களும் பெரும்பாலும் அதே வயசுக்காரங்களைக் குடிவைக்கத்தான் வாங்குவாங்க. சொத்துன்னு நினைச்சு வாங்கறவங்க இதை யோசிக்கணும். வாடகைக்கோ, திரும்பி வர்ற டெபாசிட்டுக்கோ கிடைச்சா அதையும் கணக்குப் போட்டுப் பாருங்க.

ரொம்ப முக்கியமான கேள்வியைக் கேக்கத்தான் எங்களுக்குக் கூச்சமா இருந்தது. படுத்த படுக்கையா ஆயிட்டா? இந்த வீடுகள் பெரும்பாலும் தன் வேலையைத் தானே பார்த்துக்கறவங்களுக்கானது. அதுக்கப்புறம் நர்ஸ், உதவியாளர் எல்லாம் தனி பில். சில இடங்கள்ல அதே வளாகத்துல தனிப் பிரிவு இருக்கும், சில இடங்கள்ல வெளியேதான் பாத்துக்கணும்.

2019-ல் மத்திய வீட்டு வசதி அமைச்சகம் ஓய்வுக்கால இல்லங்களுக்கு மாதிரி வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கு. கட்டினவர், சேவை தர்ற நிறுவனம், வாங்கறவர் மூணு பேரும் சேர்ந்து கையெழுத்து போடற ஒப்பந்தம் வேணும்னு அதுல இருக்கு. மாதிரி தான், தானாவே சட்டம் ஆயிடாது. ஆனா பில்டர்கிட்ட பேசும்போது கையில வெச்சுக்கலாம். ஏன்னா கட்டிடம் அங்கேயேதான் இருக்கும், சமையல் பண்ற கம்பெனி மாறிட்டே இருக்கும்.

இவ்வளவும் சொல்லி முடிச்சதும் அம்மா ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: “காலைக் காப்பியை நானே போட்டுக்கலாமாடா?” நாங்க பார்த்த வீட்டுல சின்னதா ஒரு கிச்சன் இருக்கு, போட்டுக்கலாம். அடுத்த மாசம் ரெண்டு பேரும் ஒரு வாரம் தங்கிப் பார்க்கப் போறாங்க. ஒப்பந்த நகல் கேட்டிருக்கேன், இன்னும் அனுப்பலை. வந்ததும் சொல்றேன்.