வீடற்றோர் நலத்திட்டங்களின் சொல்லாட்சியும் ஊராட்சி எல்லையும்: திண்டுக்கல் சமவெளியை முன்வைத்து

1866இல் நகராட்சியாகத் தோன்றிய திண்டுக்கல், 2014இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. அதன் எல்லையை ஒட்டிப் பாலகிருஷ்ணாபுரம், செட்டிநாயக்கன்பட்டி, சீலப்பாடி முதலிய கிராம ஊராட்சிகள் அமைந்துள்ளன. நகரம் முடியும் இடமும் ஊராட்சி தொடங்கும் இடமும் பல தெருக்களில் கண்ணுக்குப் புலனாவதில்லை. ஆயினும், வீடற்ற ஒருவர் அவ்வெல்லையின் எப்பக்கம் உறங்குகிறார் என்பதைப் பொறுத்து அவருக்குரிய அரசு உதவி வேறாகிறது. இவ்வேறுபாட்டிற்கு நிதியைப் போலவே திட்டங்களின் சொல்லாட்சியும் காரணமாதலை இக்கட்டுரை விளக்குகிறது.

காப்பகமும் குடிசையும்

2013இல் தொடங்கப்பட்ட தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், ஒரு லட்சம் நகர மக்களுக்கு 100 பேர் தங்கத்தக்க காப்பக வசதி, ஒருவருக்கு 50 சதுர அடி இடம் என அளவு வகுத்தது. 2011இல் இரண்டு லட்சம் மக்கள்தொகையைக் கடந்திருந்த திண்டுக்கல்லுக்கு இவ்வளவின்படி 200 பேருக்கு இடம் வேண்டும். காப்பகத்தில் தங்குபவர் நிலம் உடையவராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் திட்டத்தின் பெயரிலுள்ள 'நகர்ப்புற' என்னும் அடை ஊராட்சிகளை விலக்கிவிடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் கண்ட வீடற்றோர் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர், அவர்களுள் 8.3 லட்சம் பேர் கிராமப்புறத்தவர். அவர்களுக்கு இணையான காப்பகத் திட்டம் இல்லை.

ஊராட்சிப் பகுதியில் உள்ளவை வீடு கட்டும் திட்டங்களே. 2016இல் வந்த பிரதமரின் கிராமப்புற வீட்டுவசதித் திட்டம் வீடற்ற குடும்பங்களுக்கு முதலிடம் தருகிறது. சமவெளியில் ஒரு வீட்டிற்கு 1.20 லட்சம் ரூபாய் உதவித்தொகை நிர்ணயிக்கப்பட்டது. தமிழக அரசு 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீட்டிற்கு 3.5 லட்சம் ரூபாய் வழங்குகிறது. 2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்பது அதன் நோக்கம். இங்குப் பயனாளியை அடையாளப்படுத்தும் சொல் 'குடிசை' என்பது கருதத்தக்கது. குடிசையும் இல்லாதவர், அச்சொல்லின்படி முன்னரே குடிசையில்லாதவர்தாம்!

நத்தமும் புறம்போக்கும்

வீடு கட்ட மனை வேண்டும். மனைக்குப் பட்டா வேண்டும். ஊரில் குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்ட நிலம் நத்தம். முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் வரி நீக்கப்பட்ட நிலங்களின் வரிசையில் ஊர்நத்தத்தைக் குளம், சேரி, சுடுகாடு ஆகியவற்றோடு சேர்த்துக் கூறுகின்றன. குடியிருக்கும் நிலத்திற்கு வரியில்லை என்னும் கருத்து அத்துணைப் பழமையானது. (திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு வட்டத் தலைநகரின் பெயரே நத்தம்.) நத்தத்தில் இடம் கிடைக்காதவர் சென்று தங்குவது பெரும்பாலும் புறம்போக்கில். குளமும் ஓடையும் மிகுந்த இச்சமவெளியில் அது நீர்நிலைப் புறம்போக்காக இருந்துவிடின் பட்டாவுக்கு வழியே இல்லை. ஏரிகளைப் பாதுகாத்தல் மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் குறித்த 2007ஆம் ஆண்டுச் சட்டம் அகற்றுதலையே கூறுகிறது. நீர்நிலையைக் காப்பதன் தேவை மறுக்கவியலாதது. அகற்றப்பட்டவர் அடுத்த இரவு எங்குத் தங்குவார் என்பது வேறொரு துறையின் கோப்பாகிவிடுகிறது.

தோட்டனூத்து

பட்டா என்னும் முன்தேவையைக் கடந்து வீடு வழங்கப்பட்ட நிகழ்வும் இவ்வட்டாரத்திலேயே உண்டு. தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி முகாம்களில் வாழ்ந்த இலங்கைத் தமிழர்களுக்கெனத் தோட்டனூத்தில் கட்டப்பட்ட 321 வீடுகள் 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டில் 'அகதிகள் முகாம்' என்னும் பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டிருந்தது. கதியற்றவர் எனப் பொருள்படும் சொல்லை நீக்கி, வாழ்வை முன்னிறுத்தும் தொடரை அரசே ஏற்றது. வீடு பெற்றோரிடம் மனைப் பட்டா எதிர்பார்க்கப்படவில்லை. முகாம் பதிவேட்டில் அவர்களின் பெயர் இருந்தது. அரசு நிலம் ஒதுக்கியது.

ஊராட்சியில் சந்தைக் கொட்டகையிலோ கோயில் மண்டபத்திலோ உறங்குபவருக்கு அத்தகைய பதிவேடு இல்லை. அவரை ஊரார் அறிவர். வீட்டுத்திட்டப் பயனாளிப் பட்டியலை ஏற்கும் கிராம சபையும் அறியக்கூடும். ஆனால் கிராம சபை பெயரை முன்மொழியலாமேயன்றி மனை தர இயலாது. பட்டா வருவாய்த் துறையைச் சார்ந்தது.