கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது?



லோன், டியூ, பாஸ்புக், ஆடிட், லிங்கேஜ்... இதையெல்லாம் இங்கிலீஷ் வார்த்தை என்றே நம் குழுக்களில் யாரும் நினைப்பதில்லை. பள்ளிக்கூடம் பக்கமே போகாத அக்காகூட "இந்த மாசம் டியூ கட்டியாச்சா?" என்று கேட்கிறார். 1992-ல் நபார்டு வங்கி, சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது. அதிலிருந்து இந்த வார்த்தைகள் நம் வாயில் தானாகவே வந்து உட்கார்ந்துவிட்டன. யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

ஆனால் கடன் பத்திரத்தில் இன்னும் கொஞ்சம் கடினமான வார்த்தைகள் இருக்கின்றன. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தருவார்கள். நாமும் போட்டுவிட்டு வந்துவிடுவோம். அதற்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதில்லை. "பத்தாவது தாண்டாத நமக்கு எதுக்கு இந்தப் பெரிய இங்கிலீஷ்?" என்று சில உறுப்பினர்கள் கேட்கிறார்கள். இங்கிலீஷ் பேசுவதற்காக அல்ல தோழிகளே, நம் மாடும் நகையும் நிலமும் அந்த வார்த்தைகளுக்குள் இருப்பதால்தான் சொல்கிறோம்.

மூன்று வார்த்தைகளைப் பாருங்கள். பிளெட்ஜ், ஹைப்பாதிகேஷன், மார்ட்கேஜ். மூன்றுக்கும் பொதுவாக அடமானம் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் மூன்றும் வேறு வேறு. நகைக் கடனில் நகையைக் கழற்றி வங்கியில் கொடுத்துவிட்டு வருகிறோம். பொருள் அவர்கள் கையில். அது பிளெட்ஜ். கறவை மாட்டுக் கடனில் மாட்டை வங்கியில் கொண்டு போய்க் கட்ட முடியுமா? மாடு நம் தொழுவத்திலேயே நிற்கும், பாலை நாம்தான் கறப்போம். ஆனால் கடன் முடியும்வரை அதன் மேல் வங்கிக்கு உரிமை உண்டு. அது ஹைப்பாதிகேஷன். வாயில் நுழையாத வார்த்தைதான். ஆனால் இது தெரியாமல், "என் மாடுதானே" என்று வங்கிக்குச் சொல்லாமல் சந்தையில் விற்றுவிட்டால் சிக்கல் நமக்குத்தான். நிலம், வீடு மேல் கடன் வாங்குவது மார்ட்கேஜ். குடியிருப்பது நாம், உழுவது நாம். கடனுக்குப் பிணை அந்தச் சொத்து. ஆக, "பொருள் யார் கையில், உரிமை யாருக்கு?" என்ற இரண்டு கேள்வியைக் கேட்டாலே எந்த வார்த்தை என்று பிடித்துவிடலாம்.

அடுத்தது, லீன். சின்ன வார்த்தை, ஆனால் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டியது. பாஸ்புக்கில் பணம் இருக்கும், எடுக்கப் போனால் எடுக்க முடியாது. கடனுக்காக அந்தத் தொகையை வங்கி பிடித்து வைத்திருக்கும். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் உள்ள குழுக்களுக்கு ரிசர்வ் வங்கி இதில் தெளிவாக விதி வைத்திருக்கிறது. 10 லட்சம் ரூபாய் வரை குழுக் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையும் ஈடு கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்புக் கணக்கு மேல் லீன் போடவும் கூடாது என்று 2021-ல் அறிவித்தது. இந்த வார்த்தை தெரிந்த உறுப்பினர் வங்கியில் போய், "சார், எங்க குழு சேவிங்ஸ்ல லீன் ஏதாவது போட்டிருக்கீங்களா?" என்று ஒரே வரியில் கேட்டுவிடலாம். தெரியாதவர் "பணம் வரமாட்டேங்குது சார்" என்று நாலு நாள் நடக்க வேண்டும்.

மாரட்டோரியம் என்ற வார்த்தையை 2020-ல் கொரோனா நேரத்தில் எல்லோரும் கேட்டோம். மார்ச் முதல் ஆகஸ்டு வரை தவணையைத் தள்ளிக் கட்ட ரிசர்வ் வங்கி அனுமதித்தது. தவணைதான் தள்ளிப்போனது, அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. தள்ளுபடி என்பதற்கு வேறு வார்த்தை, வேய்வர். தள்ளி வைப்பு வேறு, தள்ளுபடி வேறு. தமிழில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் குழப்பம் வருவது இயல்பே.

இப்போது கணக்கு. தனியார் ஒருவர் "வட்டி 12 சதவீதம் ஃபிளாட்" என்றும், வங்கி "12 சதவீதம் டிமினிஷிங்" என்றும் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஒன்றுதானே என்று தோன்றும். 12,000 ரூபாயை 12 மாதத்தில், மாதம் 1,000 அசலாகத் திருப்பினால் ஃபிளாட் முறையில் வட்டி 1,440 ரூபாய். அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு 12,000-க்கும் போடப்படும். டிமினிஷிங் முறையில் மிச்சம் இருக்கும் அசலுக்குத்தான் வட்டி. முதல் மாதம் 120, அடுத்த மாதம் 110, கடைசி மாதம் 10. மொத்தம் 780 ரூபாய். ஒரே ஒரு வார்த்தைக்கு 660 ரூபாய் வித்தியாசம்!

வீட்டில் படிக்கிற பிள்ளைகளிடம் கேட்டுப் படியுங்கள். ஆனால் ஒன்று, அகராதியில் முதலில் வரும் அர்த்தம் வங்கியில் செல்லாது. பிரின்சிபல் என்றால் பிள்ளை காலேஜ் தலைவரைச் சொல்லும், கடன் அட்டையில் அது அசல். மெச்சூரிட்டி என்றால் மனப்பக்குவம் என்று எழுதித் தரும், டெபாசிட் ரசீதில் அது பணம் முதிரும் நாள். எனவே வார்த்தையை மட்டும் கேட்காமல் அது வந்த முழு வரியையும் காட்டிக் கேளுங்கள்.

வாரக் கூட்டத்துக்கு ஒரு வார்த்தை போதும். குழு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். ஒருவர் வாசிக்க எல்லோரும் இரண்டு தடவை சொல்லுங்கள். பிறகு நம் ஊர் உதாரணம் ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள். ஹைப்பாதிகேஷன் என்றால் "தொழுவத்து மாடு" என்று எழுதினால் யாருக்கு மறக்கும்? அடுத்த வாரம் அதை ஊக்குநர் கேட்க வேண்டாம், பேசவே தயங்கும் உறுப்பினரைக் கேட்கச் சொல்லுங்கள்.

நுண்கடன் நிறுவனங்களில் கடன் வாங்கியவர்களுக்கு ஒரு செய்தி. 2022 ஏப்ரல் முதல் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, கடன் அட்டையில் எழுதுவதெல்லாம் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். முன்கூட்டியே கடனை முடித்தால் அபராதம் கிடையாது. தவணை தவறினால் அபராதம் தவறிய தொகைக்கு மட்டும்தான், மொத்தக் கடனுக்கும் அல்ல. தவறிய தொகைக்கு அட்டையில் ஓவர்டியூ என்று இருக்கும். டியூ நமக்குத் தெரியும், கெடு தாண்டினால் ஓவர்டியூ, அவ்வளவுதான்.

உங்கள் பத்திரத்தில் புரியாத வார்த்தை இருந்தால் அந்த வரியை ஜெராக்ஸ் எடுத்து அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்துவிட்டு எடுங்கள். அடுத்த இதழில் நாமினி, கோ-பாரோவர், கியாரண்டர் மூன்றையும் பார்ப்போம். கணவர் வாங்கும் கடனுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கும் தோழிகள், அதில் எந்த வார்த்தைக்குக் கீழே போட்டிருக்கிறோம் என்று அதற்குள் ஒருமுறை எடுத்துப் பார்த்து வையுங்கள்.